கழுத்தில் அசையும் செயற்கை டிஸ்க்: வைத்துக்கொண்டவர்கள் எப்படி இருக்கிறார்கள்?

கேள்வி:

எனக்கு 44 வயது. கரூரில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். நாலு மாதமாக இடது பக்கக் கழுத்தில் ஆரம்பிக்கும் வலி, தோள்பட்டை வழியாக நடுவிரல் வரைக்கும் சுண்டி இழுக்கிறது. நடுவிரல் மரத்துப்போய்விடுகிறது. மிஷினில் துணியை இடது கையால் நீட்டித் தள்ளப் பலம் பத்தவில்லை. ராத்திரி தூக்கமே இல்லை; கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால்தான் கொஞ்ச நேரம் கண் அசருகிறது. மாத்திரை, பிசியோதெரபி, கழுத்துப் பட்டை எல்லாம் பார்த்தாயிற்று. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் சி6–சி7 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று போட்டிருக்கிறார்கள்.

ஒரு டாக்டர், டிஸ்க்கை எடுத்துவிட்டு மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் பிளேட் வைத்து இணைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், இந்த வயதில் இணைக்க வேண்டாம், அசையும் செயற்கை டிஸ்க் வைத்தால் கழுத்து பழையபடி திரும்பும் என்கிறார். அதற்குச் செலவு அதிகம். நகையை அடகு வைத்துத்தான் கட்ட வேண்டும். அந்த டிஸ்க்கை வைத்துக்கொண்டவர்கள் அஞ்சு வருஷம், பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள்? நான் மறுபடியும் குனிந்து உட்கார்ந்து தைக்க முடியுமா?

— ஒரு வாசகி, கரூர்

பதில்:

அம்மா, கையைத் தலைமேல் வைத்தால் வலி குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு நிறையச் சொன்ன வரி அதுதான். கழுத்தில் நரம்பு அழுத்தம் இருப்பவர்களில் பலர், யாரும் சொல்லிக்கொடுக்காமலே இப்படிச் செய்வார்கள். கையைத் தூக்கும்போது அந்த நரம்பின் இழுவிசை குறைகிறது. சி6–சி7 இடத்தில் வெளியே வருவது 7-வது கழுத்து நரம்பு. நடுவிரலின் உணர்ச்சியும், முழங்கையை நீட்டித் தள்ளும் தசையின் பலமும் பெரும்பாலும் அதைச் சார்ந்தவை. ஆக, உங்கள் விரலும் கையும் சொல்வதும் ஸ்கேன் சொல்வதும் ஒத்துப்போகின்றன.

இது ஒத்துப்போவது முக்கியம். ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்குக் கழுத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அதாவது பிதுக்கம் என்பது நடமாடிக்கொண்டிருக்கும் பெரும்பாலோரிடம் இருக்கிற ஒன்று. ஸ்கேன் படத்துக்காக மட்டும் யாரும் கழுத்தை அறுத்துக்கொள்ளக் கூடாது. கையில் வலி இல்லாமல் வெறும் கழுத்து வலிக்காக அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பலன் சுமார்தான். உங்களுக்கு இருப்பது தெளிவான நரம்பு வலி. இந்த அறுவைகள் நன்றாகப் பலன் கொடுப்பது இதற்குத்தான்.

அறுவை வேண்டுமா என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊரில், 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு வலியோடு வந்த 561 பேரை நெடுநாள் தொடர்ந்து பார்த்தார்கள். அறுவை வரை போனவர்கள் 26 சதவீதம்தான். கடைசியாகப் பார்த்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு வலி இல்லை, அல்லது லேசாக இருந்தது. பிதுங்கிய டிஸ்க் காலப்போக்கில் சுருங்கும், நரம்பின் வீக்கம் வடியும். ஆறு வாரத்தில், மூன்று மாதத்தில் பலருக்குத் தானாகவே சரியாகிறது. உங்களுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. கைப் பலமும் குறைகிறது. அதனால் இரண்டு டாக்டர்களும் அறுவையைப் பற்றிப் பேசியதில் அவசரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி, ஆபரேஷன் தியேட்டருக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இது விளங்கினால் உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். இரண்டு டாக்டர்கள் சொன்ன அறுவைகளும் முக்கால்வாசி ஒன்றேதான். கழுத்தின் முன்பக்கம், தோல் மடிப்போடு சேர்ந்தாற்போல் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீறல். மூச்சுக் குழாயையும் உணவுக் குழாயையும் ஒரு பக்கமாக நகர்த்தி, மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை மறுபக்கம் ஒதுக்கினால் முள்ளெலும்பின் முன்பக்கம் தெரியும். எக்ஸ்ரே வைத்து எந்த எலும்பு என்று உறுதி செய்துகொண்டு, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தபடி டிஸ்க்கைத் துணுக்குத் துணுக்காக எடுப்பார்கள். பின்பக்கம் வளர்ந்திருக்கும் எலும்பு முனையைத் தேய்த்து எடுத்து, நரம்பு வெளியேறும் வழியைத் திறந்து, அங்கே ஒளிந்திருக்கும் பிதுங்கிய துண்டை உருவியதும், நசுங்கிக் கிடந்த நரம்பு விடுபடும். உங்கள் கை வலி தீர்வது அந்த இடத்தில்தான். அதுவரை செயற்கை டிஸ்க்கும் வரவில்லை, பிளேட்டும் வரவில்லை.

காலியான அந்த இடைவெளியில் என்ன வைப்பது என்பதில்தான் இரண்டு டாக்டர்களும் வேறுபடுகிறார்கள். இணைப்பு அறுவையில் ஒரு சிறிய கூண்டும் எலும்புத் தூளும் வைத்து, பெரும்பாலும் முன்னால் பிளேட்டும் ஸ்க்ரூவும் போடுவார்கள். சில மாதங்களில் இரண்டு எலும்பும் ஒன்றாகிவிடும். செயற்கை டிஸ்க் என்றால், மேலே ஒரு உலோகத் தகடு, கீழே ஒரு உலோகத் தகடு, நடுவில் வழுக்கி அசையும் ஒரு மூட்டு. அறுவை முடிந்து கண் விழித்ததும் "கை வலி போயிருச்சு" என்று சொல்கிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். எதை வைத்தாலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பின்னே எதற்காக அசையும் டிஸ்க்கைக் கண்டுபிடித்தார்கள்? இணைப்பு அறுவை 1950-களிலிருந்தே இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு கவலை மட்டும் தொடர்ந்து இருந்தது. ஒரு இடத்தை அசையாமல் செய்தால் அந்தப் பாரம் மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகளின்மேல் விழுமே என்பது. 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இணைப்பு அறுவை செய்துகொண்ட 374 பேரில் ஆண்டுக்கு 2.9 சதவீதம் பேருக்கு அடுத்த டிஸ்க்கில் புதிதாகத் தொந்தரவு வந்திருந்தது; பத்து ஆண்டில் நாலில் ஒருவருக்கு வரலாம் என்று அதில் கணக்கிட்டார்கள். இணைத்ததால் வந்ததா, வயதானால் வரக்கூடியதே வந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இதற்கு முன்பே, இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரின் ஃப்ரென்சே மருத்துவமனையில் கம்மின்ஸ் என்ற அறுவை நிபுணர் எஃகினால் ஆன ஒரு மூட்டைக் கழுத்தில் வைத்துப் பார்த்திருந்தார். அதன் வழியில் வந்த பிரெஸ்டீஜ் என்ற டிஸ்க்குக்கு 2007-ல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. பிறகு புரோடிஸ்க், பிரையன், மோபி-சி என்று வரிசையாக வந்தன.

அனுமதிக்காக நடந்த ஆய்வுகளில் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் செயற்கை டிஸ்க்கும் மறு பிரிவுக்கு இணைப்பும் செய்து, பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். தூக்கம், படிப்பது, கனம் தூக்குவது, வண்டி ஓட்டுவது, வேலை, தலைவலி என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை ஒவ்வொரு தடவையும் நிரப்பச் சொல்வார்கள். அதில் வரும் மதிப்பெண்ணை வைத்துத்தான் கழுத்து எவ்வளவு தொந்தரவு கொடுக்கிறது என்று அளக்கிறோம். இரண்டு பிரிவிலும் இந்த மதிப்பெண் நன்றாக முன்னேறியது, அந்த முன்னேற்றம் ஆண்டுக் கணக்கில் நீடித்தது. உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் நல்ல செய்தி இதுதான்.

வித்தியாசம் தெரிந்தது மறு அறுவையில். பிரெஸ்டீஜ் ஆய்வில் 541 பேர் இருந்தார்கள். ஏழாவது ஆண்டில், பக்கத்து டிஸ்க்குக்காக மறுபடி அறுவை செய்துகொண்டவர்கள் செயற்கை டிஸ்க் பிரிவில் 4.6 சதவீதம், இணைப்புப் பிரிவில் 11.9 சதவீதம். 209 பேர் கொண்ட புரோடிஸ்க் ஆய்வில் ஏழு ஆண்டில் ஏதோ ஒரு மறு அறுவை தேவைப்பட்டவர்கள் செயற்கை டிஸ்க் பிரிவில் 7 சதவீதம், இணைப்புப் பிரிவில் 18 சதவீதம். ஆனால் வலி மதிப்பெண்ணில் இரு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிரையன் டிஸ்க்கைப் பத்து ஆண்டு வரை பார்த்தார்கள். ஒட்டுமொத்த வெற்றி 81.3 சதவீதம், இணைப்பில் 66.3 சதவீதம். பக்கத்து டிஸ்க் அறுவை செயற்கை டிஸ்க்கில் 9.7 சதவீதம், இணைப்பில் 15.8 சதவீதம் என்று வந்தது. இது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று சொல்லும் அளவுக்குத்தான் அந்த இடைவெளி இருந்தது.

இந்த "ஒட்டுமொத்த வெற்றி" என்ற எண்ணைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். படிவ மதிப்பெண் குறிப்பிட்ட அளவு முன்னேற வேண்டும், நரம்பு நிலை மோசமாகக் கூடாது, பெரிய பக்கவிளைவு வரக் கூடாது, அதே இடத்தில் மறு அறுவை கூடாது என்று எல்லா நிபந்தனையும் ஒருசேர நிறைவேறினால்தான் அதை வெற்றி என்று எண்ணினார்கள். அந்தக் கணக்கில் சேராதவர்கள் எல்லாரும் வலியில் துடிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அடுத்தடுத்த இரண்டு டிஸ்க்குகள் கெட்டிருப்பவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. மோபி-சி ஆய்வில், இரண்டு இடத்தில் வைத்தவர்களில் ஏழு ஆண்டில் 60.8 சதவீதம் வெற்றி. இரண்டு இடத்தில் இணைத்தவர்களில் 34.2 சதவீதம். உங்களுக்குக் கெட்டிருப்பது ஒரே டிஸ்க்.

இந்த எண்களை அப்படியே நம்பிவிடுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மேலே சொன்ன அனுமதி ஆய்வுகளுக்குப் பணம் போட்டவை அந்தந்த டிஸ்க்கைத் தயாரிக்கும் நிறுவனங்கள். தனக்கு என்ன வைத்தார்கள் என்று நோயாளிக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். புதிய டிஸ்க் கிடைக்கும் என்று வந்து சேர்ந்தவர், இணைப்புதான் கிடைத்தது என்று தெரிந்ததும் மனம் சோர்வது இயல்பு. மறு அறுவை செய்வதா வேண்டாமா என்பதும் டாக்டரும் நோயாளியும் பேசி எடுக்கும் முடிவுதான். ஐரோப்பாவில் நெதர்லாந்து டாக்டர்கள் 109 பேரை மூன்றாகப் பிரித்து, யாருக்கு என்ன செய்தோம் என்பதை நோயாளியிடம் சொல்லாமலே ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக்குச் செயற்கை டிஸ்க், ஒரு பிரிவுக்கு இணைப்பு, மூன்றாவது பிரிவுக்கு டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதுவுமே வைக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து மூன்று பிரிவினரும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். நார்வேயில் 136 பேரிடமும் ஸ்வீடனில் 153 பேரிடமும் நடந்த ஆய்வுகளிலும், இரண்டு ஆண்டில் செயற்கை டிஸ்க்குக்கும் இணைப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டு ஆண்டு என்பது பக்கத்து டிஸ்க் கெடுவதைப் பார்க்கக் குறைந்த காலம் என்பதும் உண்மைதான். எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து நான் என் நோயாளிகளிடம் சொல்வது இது: கை வலி தீர்வதில் இரண்டும் சமம். பல ஆண்டு கழித்து இன்னொரு அறுவை வரும் வாய்ப்பு செயற்கை டிஸ்க்கில் கொஞ்சம் குறைவு என்று நம்புகிறேன். விளம்பரத் தாள்களில் சொல்லும் அளவுக்கு அது குறைவு என்று நம்பவில்லை.

"கழுத்து பழையபடி திரும்பும்" என்று சொன்னார்களே, அதைப் பார்ப்போம். நாம் தலையைத் திருப்பும்போது ஏறக்குறைய பாதி அசைவு, மண்டைக்குக் கீழே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் நடப்பது. கீழே சி6–சி7-ஐ மட்டும் இணைத்தால் குறையும் அசைவை, வண்டியைப் பின்னால் எடுக்கும்போதுகூடப் பலரும் உணர்வதில்லை. இன்னொரு பக்கம், அசையட்டும் என்று வைத்த டிஸ்க் எல்லாமே அசைந்துகொண்டிருப்பதில்லை. சிலருக்கு அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து பாலம் போட்டுவிடும். ஆண்டு ஆக ஆக இது கூடுகிறது. ஐந்தாறு ஆண்டு கழித்து முன்னால் குனிந்து ஒன்று, பின்னால் சாய்ந்து ஒன்று என்று எக்ஸ்ரே எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் தெரியும்: சிலருக்குப் பின்பக்க எலும்பு நுனிகள் நன்றாக விரிந்து சுருங்குகின்றன, சிலருக்கு இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் நிற்கின்றன. அப்படி நின்றுபோனவர்களும் பெரும்பாலும் வலியில்லாமல்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இணைப்பு தானாகவே நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

பக்கவிளைவுகளில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது, முதல் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், சோறு விழுங்கும்போது அடைப்பது. குரலும் கொஞ்சம் கம்மலாம். பெரும்பாலும் சரியாகிவிடும். செயற்கை டிஸ்க் இடம் நகர்வது, தேய்ந்த துகளால் பக்கத்து எலும்பு அரிப்பது ஆகியவை அபூர்வம்; வந்தால் அதை எடுத்துவிட்டு இணைக்க வேண்டியிருக்கும். சில உலோக டிஸ்க்குகளை வைத்தபின் எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த இடம் நிழலடித்துச் சரியாகத் தெரியாது.

எல்லாக் கழுத்துக்கும் செயற்கை டிஸ்க் பொருந்தாது. பின்பக்கச் சிறு மூட்டுகள் தேய்ந்திருந்தாலோ, கழுத்தின் வளைவு முன்பக்கமாகக் குப்புறச் சாய்ந்திருந்தாலோ, எலும்பு நழுவிக்கொண்டிருந்தாலோ, அந்த இடம் ஏற்கெனவே இறுகிப்போயிருந்தாலோ வைக்கக் கூடாது. எலும்பு அடர்த்தி குறைந்திருந்தால் தகடு எலும்புக்குள் புதையும். தண்டுவடத்துக்கு முன்னால் இருக்கும் தசைநார் எலும்பாக மாறும் ஒரு நோய் இருக்கிறது. ஆசியர்களிடம் அது அதிகம். அது இருந்தாலும் கூடாது. இவற்றில் பல, எம்.ஆர்.ஐ.யில் மட்டும் சரியாகத் தெரியாது. குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் இரண்டும் வேண்டும். நீங்கள் எழுதியதில் இவை எடுத்ததாக இல்லை. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மாதவிடாய் சீக்கிரமே நின்றிருந்தால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

இரண்டு டாக்டர்களும் உங்களிடம் சொல்லாத மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. கழுத்தின் பின்பக்கம் சிறியதாகத் திறந்து, நரம்பு வெளியேறும் துவாரத்தின் எலும்பைக் கொஞ்சம் தேய்த்து அகலமாக்கி, பிதுங்கிய துண்டை எடுப்பது. டிஸ்க் அப்படியே இருக்கும், அசைவும் அப்படியே இருக்கும், உள்ளே வைக்கும் பொருள் எதுவும் கிடையாது; அதற்கான விலையும் கிடையாது. நெதர்லாந்தில் 265 பேரிடம் இதை முன்பக்க இணைப்பு அறுவையோடு ஒப்பிட்டு 2023-ல் முடிவைச் சொன்னார்கள்: கை வலி தீர்வதில் இது குறைந்ததல்ல. பிதுக்கம் பக்கவாட்டில், நரம்புத் துவாரத்துக்குள் இருந்தால்தான் இது சரிவரும். நடுவில் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தால் சரிவராது. முதல் சில வாரங்கள் பின்கழுத்துத் தசை வலிக்கும். உங்கள் வலி ஒரே பக்கம், ஒரே நரம்பில் இருப்பதால் இதைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும். எல்லா அறுவை நிபுணர்களும் இதைச் செய்வதில்லை. தங்களுக்குப் பழக்கமில்லாததை அவர்கள் தாமாகச் சொல்லாமல் போகலாம். "எனக்குப் பின்பக்கமாகச் செய்ய முடியுமா? முடியாது என்றால் ஸ்கேனில் எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?" என்று படத்தைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது நகை. செயற்கை டிஸ்க்குக்கும் இணைப்புக்கும் உள்ள விலை வித்தியாசத்துக்காக நகையை அடகு வைக்காதீர்கள், அம்மா. கையில் பணமோ காப்பீடோ இருந்து, கழுத்தும் பொருந்தி வந்தால் செயற்கை டிஸ்க் நல்ல தேர்வுதான், நானும் வைக்கிறேன். அது இல்லாமல் போனால் வலியோடு காலம் தள்ள வேண்டும் என்று உங்களிடம் யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். மேலே சொன்ன பிரெஸ்டீஜ் ஆய்வில் 11.9 சதவீதம் என்றால், இணைப்பு செய்துகொண்ட நூறு பேரில் 88 பேர் ஏழு ஆண்டில் பக்கத்து டிஸ்க்குக்காக அறுவை மேஜைக்குத் திரும்பவில்லை என்றுதான் அர்த்தம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த அறுவைக்கு எவ்வளவு அனுமதி, கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு தேதி குறியுங்கள்.

மறுபடியும் தைக்கலாம். மறுநாளே எழுந்து நடப்பீர்கள். செயற்கை டிஸ்க் வைத்தாலும் பின்பக்க அறுவை செய்தாலும் கழுத்துப் பட்டையை நெடுநாள் கட்ட வேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் அளவெடுப்பது, ஊக்கு கட்டுவது மாதிரி லேசான வேலை. மிஷினில் உட்காருவது நாலிலிருந்து ஆறு வாரத்தில், முதலில் அரைமணி நேரம் என்று ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போகலாம். இணைப்பு என்றால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும். மிஷின் மேஜையை உயர்த்தி, ஊசிக்குப் பக்கத்தில் நல்ல விளக்கு வைத்தால் குனிவது பாதியாகக் குறையும். இதை அறுவைக்குக் காத்திராமல் இன்றைக்கே செய்யலாம். வலி முதலில் போகும், பலம் மெல்ல வரும், மரத்த விரல் எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்குப் பல மாதம் ஆகலாம். சிலருக்கு விரல் நுனியில் லேசான மரமரப்பு நிரந்தரமாக நின்றுவிடுவதும் உண்டு. நரம்பு நசுங்கிக் கிடந்த காலம் நீள நீள, திரும்புவது குறையும்.

அதனால் எக்ஸ்ரேயும் சி.டி.யும் எடுத்து இந்த மாதத்துக்குள் முடிவெடுங்கள். அதற்குள் இடது கையை நீட்ட முடியாத அளவுக்குப் பலம் இறங்கினாலோ, ஊசியில் நூல் கோப்பதில் இரண்டு கையும் தடுமாறினாலோ, நடக்கும்போது கால் பின்னினாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அப்போது எந்த டிஸ்க் என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. தண்டுவடத்தின் அழுத்தத்தை எடுப்பதுதான் முதல் வேலை.